ரேடியேட்டர் மாற்றுவது வீண் செலவல்ல

ரேடியேட்டர் ஒழுகுகிறது, மாற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதும் கார்க்காரர் முகத்தில் முதலில் வருவது சந்தேகம்தான். நல்ல பார்ட்டைக் கழற்றிவிட்டுப் புதிதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று தோன்றிவிடுகிறது. அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம் சொல்கிறார்கள். எம்-சீல் வைத்து அடை. மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்று, அடைத்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடு, சூடே ஏறாது. கூலன்ட் எதற்கு, நம் ஊரில் பனியா பெய்கிறது, குழாய்த் தண்ணீர் போதும். இத்தனை யோசனைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: ரேடியேட்டர் மாற்றுவது வீண் செலவு.

இந்த நம்பிக்கை தவறு. இதை நம்பியவர்களின் கார்கள்தான் ஒவ்வொரு சித்திரை, வைகாசியிலும் ஒர்க்‌ஷாப்புகளில் ஹெட் இறக்கிக் கிடக்கின்றன.

முதலில் விலையைப் பார்த்துவிடலாம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ, எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலோ, ஆல்டோ, வேகன் ஆர் போன்ற சிறிய கார்களுக்கான ரேடியேட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. கம்பெனிப் பெட்டியில் வருவது கொஞ்சம் கூடுதல். கழற்றி மாட்டும் கூலி ஆயிரம், இரண்டாயிரம். புதிய கூலன்ட் மூன்று நான்கு லிட்டர். பெரிய வண்டிகளுக்கும் ஐரோப்பிய கார்களுக்கும் இந்தக் கணக்கு பல மடங்கு ஏறும் என்பது உண்மை. பம்பரை இறக்க வேண்டிய மாடல்களும், முன்னால் நிற்கும் ஏசி கண்டன்சரைக் கழற்றி கேஸை மீண்டும் நிரப்ப வேண்டிய மாடல்களும் இருக்கின்றன. ஆனாலும் நம் சாலைகளில் ஓடும் பெரும்பான்மையான கார்களுக்கு, மொத்தச் செலவு இரண்டு நல்ல டயர் வாங்கும் தொகையைச் சுற்றித்தான் நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று ஒரே அளவாகிவிட்டது. அதுவரை 28 சதவீத வரியில் இருந்தவற்றில் ரேடியேட்டரும் ஒன்று. டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம். பேட்டரி போனால் மறுநாளே வாங்குகிறோம். ரேடியேட்டரிடம் மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

காரணம் பழைய அனுபவம். அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து ரேடியேட்டர்கள் செம்பும் பித்தளையும் சேர்த்துச் செய்தவை. மேல் தொட்டி, கீழ்த் தொட்டி, நடுவில் குழாய்கள் எல்லாம் ஈயப் பற்றால் இணைக்கப்பட்டிருக்கும். ஒழுகினால் ரேடியேட்டர் வேலைக்காரர் அதைக் கழற்றி, தொட்டியில் முக்கி, காற்றடித்து, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பார். சுத்தம் செய்து, பற்று வைத்துக் கொடுப்பார். அது பல வருடம் தாங்கும். ஊருக்கு ஊர் அப்படிப்பட்ட கைகாரர்கள் இருந்தார்கள். லாரி, டிராக்டர், பழைய வண்டிகளை வைத்து இன்றும் சிலர் இருக்கிறார்கள். அந்த ரேடியேட்டருக்கு அந்த வைத்தியம் முற்றிலும் சரி. அதைச் செய்தவர்களின் திறமையும் உண்மையானது.

ஆனால் இன்றைய காரின் முகப்புக்குப் பின்னால் இருப்பது அந்த ரேடியேட்டர் இல்லை. நடுவில் அலுமினியக் குழாய்களும் தகடுகளும். இரண்டு பக்கமும் கண்ணாடி இழை கலந்த நைலான் தொட்டிகள். இரண்டையும் சேர்ப்பது ஈயம் அல்ல, மடித்து அழுத்திய அலுமினிய விளிம்பும் அதற்குள் ஒரு ரப்பர் கேஸ்கெட்டும்தான். செம்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.96 கிராம், அலுமினியம் 2.7 கிராம். எடையும் விலையும் குறைந்ததால் உலகமே அலுமினியத்துக்கு மாறிவிட்டது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பே மேல் என்பது உண்மை. குழாய்களை அகலமாகவும் தகடுகளை நெருக்கமாகவும் அமைத்து அந்தக் குறையை ஈடு செய்துவிட்டார்கள்.

இதற்குக் கொடுத்த விலை, பழுது பார்க்கும் வசதி. நைலான் தொட்டி தினமும் சூடாகி, தினமும் ஆறுகிறது. வருடங்கள் போகப் போக அது விறைத்துப்போய், ஹோஸ் மாட்டும் கழுத்திலோ விளிம்பிலோ கோடு விடுகிறது. அந்தக் கோட்டின் மேல் எம்-சீல் பூசுவது எத்தனை நாள் நிற்கும்? உள்ளே 90 டிகிரிக்கு மேல் சூடான திரவம். வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு பார் கூடுதல் அழுத்தம். நைலானும் எம்-சீலும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. கூலன்ட் ஊறிய பரப்பில் பசை பிடிப்பதுமில்லை. கோடு விட்ட தொட்டி ஒரு இடத்தில் மட்டும் பலவீனமாக இருப்பதும் அபூர்வம். அந்த நைலான் முழுவதுமே முதுமை அடைந்திருக்கும். இன்று அடைத்த இடத்துக்கு இரண்டு விரல் தள்ளி நாளை இன்னொரு கோடு விடும்.

‘சொட்டுச் சொட்டாகத்தானே ஒழுகுகிறது, தினமும் காலையில் ஊற்றிக்கொண்டால் போயிற்று’ என்பது இந்தக் கட்சியின் மிகப் பிரபலமான வாதம். ஒழுகும் ரேடியேட்டர் இழப்பது தண்ணீரை மட்டும்தான் என்று நினைப்பதில் இருக்கிறது இதன் ஓட்டை. அது அழுத்தத்தையும் இழக்கிறது. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வால்வு. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஒரு பார் அழுத்தம் கூடினால் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டாக இருந்தால் அதே அழுத்தத்தில் ஏறக்குறைய 129 டிகிரி வரை தாங்கும். அந்த இடைவெளிதான் இன்ஜினின் பாதுகாப்பு. ஊசிமுனை ஓட்டை ஒன்று இருந்தால் போதும், அழுத்தம் நிற்காது. ஒட்டுப் பிய்ந்துவிடக் கூடாது என்று மூடியைத் தளர்த்தியே ஓட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருந்த கொஞ்ச பாதுகாப்பையும் கழற்றிவிடுகிறார்கள்.

இதையே மலையில் வைத்துப் பார்த்தால் ஆபத்து இன்னும் தெளிவாகும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்குவதே 95 டிகிரியைச் சுற்றித்தான். அழுத்தம் நிற்காத ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஊட்டி ஏறும் காரில், ஃபேன் ஓடுவதற்கு முன்பே தண்ணீர் ஆவியாகத் தொடங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறும்போது இன்ஜின் முழுப் பாரத்தில் இழுக்கிறது. வண்டியின் வேகமோ குறைவு, எதிர்க்காற்றும் குறைவு. சமவெளியில் ‘நல்லாத்தான் ஓடுது’ என்று பெயர் வாங்கிய ஒட்டு ரேடியேட்டர் அங்கேதான் கைவிடும். மனைவி, குழந்தைகளோடு மலையோரத்தில் பானெட்டைத் திறந்து வைத்து நிற்கும் குடும்பங்களை விடுமுறை நாட்களில் யாரும் பார்க்கலாம்.

இனி மஞ்சள் தூள். மயிரிழை ஓட்டையில் அது கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்ளும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. நடுவழியில் நின்றவர் அடுத்த ஊர் போய்ச் சேர அது உதவியிருக்கும். சிக்கல் என்னவென்றால், எந்த ஓட்டையை அடைக்க வேண்டும், எந்த ஓட்டையை விட வேண்டும் என்று மஞ்சளுக்குத் தெரியாது. அலுமினிய ரேடியேட்டரின் குழாய்கள் உள்ளே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளிதான் கொண்டவை. ஹீட்டர் கோர் அதைவிடக் குறுகல். ஊற்றிய தூள் இவற்றிலெல்லாம் படிந்து, தெர்மோஸ்டாட் வாயிலிலும் தங்கும். கடையில் அழகான டப்பாவில் கிடைக்கும் ஸ்டாப் லீக் பொருட்களும் அளவு மீறினால் இதையேதான் செய்கின்றன. ஒழுகல் நின்றதாகத் தெரியும் அந்தச் சில வாரங்களில் ரேடியேட்டரின் வேலை செய்யும் பரப்பு குறைந்துகொண்டே வரும். கடைசியில் புது ரேடியேட்டர் வாங்கியே தீர வேண்டும். கூடவே முழு அமைப்பையும் கழுவி எடுக்கும் கூலியும் சேரும்.

தண்ணீர்க் கட்சிக்காரர்களிடம் ஒரு உண்மை இருக்கிறது. அதை மறைப்பது நியாயமில்லை. வெப்பத்தை ஏந்திச் செல்வதில் சுத்தமான தண்ணீர், கிளைக்கால் கலவையைவிடத் திறமையானது. ஆனால் கூலன்ட் பனிக்காக மட்டும் வந்ததல்ல. கொதிநிலையை உயர்த்துவது அதன் ஒரு வேலை. அதைவிடப் பெரிய வேலை, அரிப்பைத் தடுப்பது. இன்ஜினுக்குள் அலுமினியம், இரும்பு, வாட்டர் பம்பின் சீல், ரப்பர் ஹோஸ் எல்லாம் ஒரே திரவத்தில் ஊறிக் கிடக்கின்றன. கூலன்ட்டில் உள்ள அரிப்புத் தடுப்பான்கள்தான் இவற்றைக் காப்பாற்றுகின்றன. குழாய்த் தண்ணீரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதிலும் நம் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்! குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற அளவையும், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரையும் ஏற்கிறது. கடலோர மாவட்டங்களில் அந்த எல்லையைத் தாண்டும் கிணறுகள் ஏராளம். அந்தத் தண்ணீரில் உள்ள குளோரைடு அலுமினியத்தில் குழி குழியாக அரிக்கும். சுண்ணாம்பு குழாய்ச் சுவரில் படிந்து வெப்பம் வெளியேறாமல் தடுக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் என்று நினைத்து ஊற்றும் அந்தத் தண்ணீர்தான் பல ரேடியேட்டர்களை ஆயுள் முடியும் முன்பே கொல்கிறது. பிறகு பழி ரேடியேட்டரின் மேல் விழுகிறது: ‘இப்ப வர்ற பார்ட் எல்லாம் தகரம்.’

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது இன்னும் விபரீதம். கூலன்ட் சூடான பிறகே ரேடியேட்டருக்கு வழிவிடும் அந்த வால்வு, பெரும்பாலான இன்ஜின்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றினால் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும். இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாகக் கணக்கிட்டு கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோலைச் செலுத்தும். மைலேஜ் விழும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே இன்னொரு குறுக்குவழியை அடைக்கும்படி அமைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். குளிர வைக்க எடுத்த வால்வு, இன்ஜினைக் கொதிக்க வைக்கும்.

கொதித்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பேசத்தான் பலரும் தயங்குகிறார்கள். இன்றைய சிறிய கார் இன்ஜின்களில் சிலிண்டர் ஹெட் அலுமினியம். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவு மீறிச் சூடானால் ஹெட் வளைந்துவிடும். வளைந்ததும் ஹெட் கேஸ்கெட் விட்டுவிடும். ஆயிலும் தண்ணீரும் கலந்து, டிப் ஸ்டிக்கை இழுத்தால் பால் காபி நிறத்தில் வரும். ஹெட்டை இறக்க வேண்டும், லேத்துக்கு அனுப்பி ஃபேசிங் செய்ய வேண்டும், புது கேஸ்கெட், புது ஆயில், புது கூலன்ட், பல நாள் கூலி. சிறிய காருக்கே புது ரேடியேட்டரின் செலவைப் போல இரண்டு, மூன்று மடங்கை எளிதாகத் தாண்டும். பிஸ்டன் பிடித்து இன்ஜின் சீஸ் ஆகிவிட்டால் பழைய காரின் விற்பனை விலைக்கும் பழுதுச் செலவுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

முள் ஏறுவதைப் பார்த்து நிறுத்திவிடுவேன் என்று தைரியம் சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதைய பல சிறிய கார்களில் அந்த முள்ளே கிடையாது. ஒரு சிவப்பு விளக்குதான். அந்த விளக்குக்குத் தகவல் தரும் சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். கூலன்ட் வேகமாக வற்றி சென்சார் திரவத்துக்கு வெளியே நின்றால், அது காட்டும் அளவை நம்ப முடியாது. இன்ஜின் கருகும் நேரத்தில் விளக்கு எரியாமலே இருந்துவிடலாம்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படிக்க வேண்டும். தேய்மானம், இயந்திரக் கோளாறு, தொடர் நஷ்டம் ஆகியவை அதில் விலக்கப்பட்டிருக்கின்றன. முன்னால் போன வண்டியில் மோதி ரேடியேட்டர் உடைந்தால் அது விபத்துச் சேதம், கிளெய்ம் கிடைக்கும். ஆனால் உரிய பழுது பார்க்கும் முன் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் முழுவதும் வண்டி உரிமையாளரின் பொறுப்பு என்று பாலிசியின் நிபந்தனையே சொல்கிறது. மோதிய பிறகு ‘வீடு வரைக்கும் மெதுவா ஓட்டிடலாம்’ என்று எடுத்துப் போய் இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவருக்கு, ரேடியேட்டருக்குப் பணம் வரும், இன்ஜினுக்கு வராது. அதோடு, பாலிசி சாதாரணமானது என்றால் பிளாஸ்டிக், நைலான், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிக்கப்படும்.

ரேடியேட்டரைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், ஃபிரன்டியர், எக்ஸ்டெரா மாடல்களில் அந்தக் குழாய் உள்ளுக்குள் விரிசல் விட்டு, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் புகுந்தது. வெளியில் ஒரு சொட்டுக் கூட ஒழுகாது. ஆனால் கியர்பாக்ஸ் நாசமாகிவிடும். சில நூறு டாலர் ரேடியேட்டர், சில ஆயிரம் டாலர் கியர்பாக்ஸைக் கொன்றது. உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுவனம் அந்த ரேடியேட்டர்களுக்கான வாரன்டியை நீட்டிக்க நேர்ந்தது. விவரம் தெரிந்தவர்கள் பலர், கோளாறு வருவதற்கு முன்பே சொந்தச் செலவில் ரேடியேட்டரை மாற்றிக்கொண்டார்கள். அந்தச் செலவை வீண் என்று சொல்ல அவர்களில் யாருக்கும் மனம் வந்திருக்காது.

மெக்கானிக்குகள் மேல் உள்ள சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சூடு ஏறுகிறது என்று வரும் ஒவ்வொரு காருக்கும் ரேடியேட்டர்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதும் ஒர்க்‌ஷாப்புகள் இருக்கின்றன. சில நூறு ரூபாய் மூடி தளர்ந்திருக்கலாம். ஹோஸ் கிளிப் லூசாகியிருக்கலாம். வாட்டர் பம்பின் சீல் போயிருக்கலாம். ஃபேன் ரிலே எரிந்திருக்கலாம். தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கியிருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் ரேடியேட்டரை மாற்றினால் அது வீண் செலவுதான். ஆனால் அதற்கு மருந்து எம்-சீல் இல்லை, சோதனை. மூடியின் இடத்தில் ஒரு கைப் பம்பை மாட்டி, உரிய அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா, எங்கிருந்து கசிகிறது என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் அரைமணி நேர வேலை. கார்க்காரர் பக்கத்தில் நின்றே பார்க்கலாம். அதைச் செய்யாமல் ரேடியேட்டர் போச்சு என்று சொல்பவரிடம் வண்டியை விட வேண்டிய அவசியமில்லை.

விலை உயர்ந்த பெரிய ரேடியேட்டர்களில், நடுக்கோர் நன்றாக இருந்து தொட்டி மட்டும் விரிசல் விட்டிருந்தால், புதுத் தொட்டியும் கேஸ்கெட்டும் போட்டுத் தரும் கடைகளும் உண்டு. அது ஒட்டு வேலை இல்லை, முறையான பழுது பார்த்தல். சிறிய காருக்கு அந்தக் கூலியும் பொருளும் சேர்ந்தால் புதியதன் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பதால் அங்கே அது பயன்படாது. அதேபோல் கடையில் இருப்பதிலேயே மலிவானதை எடுப்பதும் சிக்கனமில்லை. கோர் மெலிந்து, தகடுகள் தள்ளித் தள்ளி அமைந்த மலிவு ரேடியேட்டர், பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் மே மாத மதிய வெயிலில் ஏசி போட்டு டிராஃபிக்கில் நின்றால் திணறும். கார் கம்பெனிக்கே சப்ளை செய்யும் தயாரிப்பாளரின் பெயர் போட்ட பெட்டி, கம்பெனிப் பெட்டியைவிடக் குறைந்த விலைக்கு வெளிச்சந்தையில் கிடைக்கும். பழைய ரேடியேட்டரையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, கோரின் தடிமனையும் தகடுகளின் நெருக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம்.

வாசகர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. வாரம் ஒருமுறை, இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில், கூலன்ட் டப்பாவின் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். அழுத்தம் விலகிய நொடியில் உள்ளே இருப்பது ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேக வைத்துவிடும். கூலன்ட் சிந்தியிருந்தால் உடனே கழுவிவிடுங்கள். அதை நக்கும் நாயும் பூனையும் செத்துப்போகலாம். அளவு குறைந்துகொண்டே வந்தால் பிரஷர் டெஸ்ட் கேளுங்கள். ஒழுகுவது ரேடியேட்டர்தான் என்று கண்ணால் பார்த்துவிட்டால், ஒட்டுப்போடச் சொல்லாதீர்கள். மூடியும் பழைய ஹோஸ்களும் சேர்த்து அன்றே மாற்றிவிடுங்கள். கார் புத்தகத்தில் சொல்லியிருக்கும் கூலன்ட்டையே ஊற்றச் சொல்லுங்கள்.